யாருக்கு இந்தக் கணக்கு? வளைகுடாத் தொழிலாளர் ஆதரவும் நம் தாக்க அறிக்கைகளும்

(நம் கூட்டிணைவின் இணையவழிக் கூட்டத்தில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.)



லண்டனில் உங்களுக்குச் சாயங்காலம், டொரன்டோவில் மதியம், எனக்கு இங்க பேராவூரணிப் பக்கத்துல ராத்திரி பத்தரை. கரண்ட் போனா ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க, திரும்ப வந்துருவேன்.

'இம்பாக்ட் ரிப்போர்ட்' எப்படி எழுதுறதுன்னு பேசச் சொல்லி அழைச்சீங்க. தமிழில் தாக்க அறிக்கை. நம்ம ஆதரவு வேலைக்கு வர்ற பணம் குறைஞ்சுக்கிட்டே வருது, நல்லா ஒரு அறிக்கை போட்டா கூடும்னு தோழர் ஒருத்தர் சொன்னாரு. உண்மைதான், கூடும். ஆனா எப்படிப்பட்ட அறிக்கை, அதுக்கு யாரு விலை கொடுக்கிறாங்க என்பதைத்தான் இன்னைக்குப் பேசணும்.

நான் 12 வருஷம் ஷார்ஜாவிலயும் துபாயிலயும் கட்டட வேலைத் தளங்கள்ல டைம்கீப்பரா இருந்தவன். ஆளு எத்தனை மணிக்கு வந்தாரு, எப்போ போனாரு, ஓவர்டைம் எவ்வளவுன்னு எழுதுறதுதான் என் பிழைப்பு. அதனால ஒண்ணு நல்லாத் தெரியும். ஒரே தொழிலாளியோட ஒரே நாளை ரெண்டு விதமா எழுத முடியும். கிளையன்ட்டுக்குப் போற ஷீட்டுல பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், சம்பளத்துக்குப் போற ஷீட்டுல எட்டு இருக்கும். ரெண்டுலயும் கையெழுத்து இருக்கும், ரெண்டுக்கும் சீல் இருக்கும். ஒரு கணக்கைப் பார்த்ததும் 'இது சரியா'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி 'இது யாருக்காக எழுதினது'ன்னு கேட்கிற பழக்கம் எனக்கு அங்கதான் வந்துச்சு.

நம்ம ஊர் கோயில் ட்யூப்லைட் ஞாபகம் இருக்கா? 'உபயம்'னு போட்டு, கொடுத்தவர் பேரு, அப்பா பேரு, ஊரு எல்லாம் பெயின்ட்ல எழுதியிருப்பாங்க. எழுத்து கூடக் கூட வெளிச்சம் குறையும். பழைய ஜோக்தான். ஆனா நான் பார்த்த தாக்க அறிக்கையில பாதி அந்த ட்யூப்லைட்தான்.

முதல்ல சட்டம்

அறிக்கைக்கு வர்றதுக்கு முன்னாடி, நிதி திரட்டுறது பத்தி ஒரு எச்சரிக்கை. லண்டனில் வளர்ந்தவங்களுக்கு இது புதுசா இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் இல்லாத தனிநபரோ குழுவோ பணம் வசூலிப்பது குற்றம். துபாயில் 2015ஆம் ஆண்டின் 9ஆம் எண் ஆணை இதைக் கட்டுப்படுத்தியது. 2021இல் நாடு முழுமைக்குமான நன்கொடைச் சட்டம் வந்தது. மீறினால் சிறை, லட்சக்கணக்கில் திர்ஹம் அபராதம். 2016இல் துபாயில் வாழ்ந்த ஒரு பிரிட்டிஷ்-ஆஸ்திரேலியர், ஆப்கானிஸ்தான் அகதிகளுக்குப் போர்வை வாங்குவதற்கான ஒரு நிதி திரட்டல் இணைப்பை பேஸ்புக்கில் பகிர்ந்ததற்காகக் கைதானார். அவர் ஒரு காசு கையில வாங்கலை. பகிர்ந்தாரு, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரப் பாஸ்போர்ட்டுக்கே அந்த நிலைமைன்னா, சோனாப்பூர் கேம்ப்ல இருக்கிற நம்ம ஆளுக்கு என்ன ஆகும்? அதனால உங்க நிதி திரட்டல் இணைப்பை அங்க இருக்கிற தொழிலாளிக்கு அனுப்பி 'ஃபார்வர்ட் பண்ணுங்கண்ணே'ன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. உங்களுக்கு அது ஒரு லைக். அவருக்கு அது விசா.

இந்தியாவுக்குள்ள அனுப்புறதுக்கும் சட்டம் இருக்கு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, அதுக்கு 2020இல் வந்த திருத்தம். பதிவு பெற்ற அமைப்புகள் வெளிநாட்டு நன்கொடையை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். வாங்கினதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது.

இதுல பலபேருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. அப்பா துபாயில் இருக்காரு, இந்தியப் பாஸ்போர்ட். தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியா ஊர்ல ஒரு அமைப்புக்குக் கொடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மகள் லண்டனில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வச்சிருக்காங்க. அதே அமைப்புக்கு அதே தொகையைக் கொடுத்தா அது வெளிநாட்டு நன்கொடை. ஒரே குடும்பம், ரெண்டு சட்டம். நாளைக்கு ஒரு அதிகாரி வந்து கேட்டா எந்தப் பணம் யாரிடமிருந்து எந்த வழியா வந்ததுன்னு காட்டணும். நன்கொடையாளரை மகிழ்விக்கிறதுக்கு முன்னாடி, அறிக்கை உங்களையும் உங்க கூட வேலை செய்யிற ஊர்க்காரங்களையும் காப்பாத்தணும்.

இன்னொண்ணு. நாம பணம் திரட்டுறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் எங்க இருக்குன்னு பார்க்கணும். இந்தியத் தூதரகங்கள்ல 'இந்தியச் சமூக நல நிதி' 2009லிருந்து இருக்கு. பாஸ்போர்ட் புதுப்பிக்க, சான்றொப்பம் வாங்கன்னு போகும்போது வசூலிக்கிற சிறு தொகையிலிருந்துதான் அந்த நிதி சேருது. அதாவது தொழிலாளிகளோட சொந்தக் காசு. ஆதரவில்லாம மாட்டிக்கிட்டவங்களுக்குத் தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட், சட்ட உதவி, இறந்தவங்க உடலை ஊருக்கு அனுப்புற செலவு எல்லாத்துக்கும் அதுல இடம் உண்டு. அந்த நிதியிலிருந்து கிடைக்க வேண்டிய ஒரு டிக்கெட்டுக்கு லண்டனில் நாம ஆயிரம் பவுண்டு திரட்டி, அதை 'வெற்றி'ன்னு அறிக்கையில போட்டா என்ன அர்த்தம்? அரசு தன் கடமையிலிருந்து தப்பிக்கிறதுக்கு நாம காசு கொடுத்தோம்னு அர்த்தம். அறிக்கையில முதல் வரியே 'இத்தனை பேருக்கு அவங்க உரிமைப் பணத்தை விண்ணப்பிக்க உதவினோம், இத்தனை பேருக்குக் கிடைச்சது'ன்னு இருக்கணும். நாம கொடுத்த பணம் ரெண்டாவது வரியில வரட்டும்.

படகை எண்ணின கதை

இப்போ எதை எண்ணுறதுன்னு பார்ப்போம்.

2004 சுனாமி. உங்கள்ல பலபேர் அப்போ குழந்தைங்க. தமிழ்நாட்டில் அதிகம் பேர் செத்தது நாகப்பட்டினம் மாவட்டத்துல. இலங்கையின் கிழக்குக் கரையில முல்லைத்தீவிலிருந்து அம்பாறை வரைக்கும் பேரழிவு. உலகம் முழுக்க இருந்து கொட்டின பணம் சுமார் 1,350 கோடி டாலர்னு 2006இல் வெளிவந்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டமைப்பின் அறிக்கை கணக்கிட்டது. அவ்வளவு பணம் வந்ததும் எல்லா அமைப்புக்கும் ஒரு அவசரம், கொடுத்ததைக் காட்டணும். காட்டுறதுக்கு எது வசதி? படகு. பளபளன்னு இருக்கும். பக்கவாட்டுல பேரு எழுதலாம். எண்ணலாம். படம் பிடிக்கலாம்.

படகு கொடுத்தாங்க, கொடுத்தாங்க, கொடுத்துக்கிட்டே இருந்தாங்க. தமிழ்நாட்டுக் கரையிலயும் இலங்கையிலயும் பல இடத்துல சுனாமிக்கு முன்னாடி இருந்ததைவிடச் சிறு படகுகள் அதிகமாச்சு. ஏறிப்போக ஆள் போதலை, கடல்ல மீனும் கூடலை. சில படகு கடலுக்கே லாயக்கில்லை. ஆனா அன்னைக்கு வந்த அறிக்கைகள்ல 'இத்தனை நூறு படகு வழங்கினோம்'னு இருந்தது பொய் இல்லை. எண்ணிக்கை சரிதான். ஆனா கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை குடும்பம் மறுபடி கடலுக்குப் போய்ச் சம்பாதிக்குது என்பது. மீன் விற்கிற பெண்களுக்கு என்ன ஆச்சு? படகே சொந்தமா இல்லாம கூலிக்குப் போனவங்களுக்கு என்ன ஆச்சு? இதை எண்ணணும்னா ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பப் போகணும். திரும்பப் போறதுக்கு யாரும் பணம் ஒதுக்கலை. அந்த 2006 அறிக்கையும் இதைத்தான் சொன்னது. அமைப்புகள் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வதில் காட்டிய அக்கறையைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதில் காட்டவில்லை.

நம்ம வேலையில படகுக்குப் பதிலா அரிசி மூட்டை. '120 ரேஷன் பை வழங்கினோம்.' சரி. ஏன் அவங்களுக்கு அரிசி வாங்கக் காசில்லாமப் போச்சு? நாலு மாசம் சம்பளம் வரலை. அப்போ நம்ம அறிக்கையின் கேள்வி சம்பளம் வந்துச்சா என்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். இது கற்பனைக் கணக்கு, எந்தக் குழுவோடதும் இல்லை. இந்த ஆறு மாசத்துல நம்மைத் தேடி வந்தவங்க 40 பேர்னு வச்சுக்குவோம். அதுல 26 பேர் சம்பளப் பாக்கி, 14 பேர் பாஸ்போர்ட், விசா, ஆவணச் சிக்கல். சம்பளப் பாக்கி 26இல் முழுசா வாங்கினவங்க 9, பாதி வாங்கினவங்க 6, ஒண்ணும் வராதவங்க 11. அந்த 11 பேர்ல 7 பேர் வெறுங்கையோட ஊருக்கு வந்துட்டாங்க. நாலு பேர் இன்னும் அங்க இருக்காங்க. நாம செலவு பண்ணது எவ்வளவு, எதுக்கு? டைப்பிங் சென்டர் கட்டணம், மொழிபெயர்ப்பு, போன் ரீசார்ஜ், டாக்ஸி. அவ்வளவுதான். அரைப் பக்கம். இதைப் படிக்கிறவருக்கு நம்ம வேலையும் தெரியும், நிலைமையும் தெரியும். '40 வாழ்க்கைகளை மாற்றினோம்'னு எழுதினா ரெண்டும் தெரியாது.

'நாங்கள் பெற்றுத் தந்தோம்' என்ற வார்த்தையையும் பார்த்து எழுதுங்க. அமீரகத்துல தொழிற்சங்கம் கிடையாது, வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கிடையாது. அப்படிப்பட்ட இடத்துல அறுபது பேர் ஒரு காலையில பஸ்ல ஏற மாட்டோம்னு உட்கார்ந்ததை நான் கண்ணால பார்த்திருக்கேன். மூணாவது நாள் சம்பளம் வந்தது. அப்படி ஒரு இடத்துல நாம டைப்பிங் சென்டருக்குக் காசு கொடுத்திருக்கலாம், ஒரு வக்கீல் நம்பர் கொடுத்திருக்கலாம். ஆனா வேலையை விட்டு, விசாவைப் பணயம் வச்சு உட்கார்ந்தவங்க அவங்க. 'நாங்கள் பெற்றுத் தந்தோம்'னு நாம எழுதினா, முதலாளி உழைப்பைத் திருடினான், நாம போராட்டத்தைத் திருடினோம்னு ஆகும். 'தொழிலாளர்கள் பெற்றார்கள், நாங்கள் இந்த அளவில் துணை நின்றோம்.' அப்படி எழுதுங்க. நன்கொடை குறையாது, பாருங்க. நேர்மையான வாக்கியத்தை மக்கள் அடையாளம் கண்டுக்குவாங்க.

எண் அடி தாங்கணும்

2021 பிப்ரவரியில் 'கார்டியன்' ஒரு செய்தி போட்டது. உலகக் கோப்பை நடத்தும் உரிமை கத்தாருக்குக் கிடைத்த 2010க்குப் பிறகு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்தார்கள். உலகமே பேசினது. கத்தார் ஏற்பாட்டுக் குழு அப்போ சொன்ன எண் 37. மைதானக் கட்டுமானத் தொழிலாளர்கள் மட்டும், அதிலும் 34 பேர் 'வேலை சாராத' மரணம். 2022 நவம்பரில் அந்தக் குழுவின் பொதுச் செயலாளரே ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உலகக் கோப்பைப் பணிகள் சார்ந்து 400லிருந்து 500 வரைன்னு சொன்னாரு.

ஒரே நாடு, ஒரே கால அளவு, மூணு எண். யாரு பொய் சொன்னதுன்னு கேட்டா விஷயம் அவ்வளவு எளிசு இல்லை. 6,500 என்பது அந்த நாட்டுக்காரர்களின் மொத்த இறப்பு. என்ன வேலை, எந்தத் தளம் என்ற பிரிப்பு அரசுத் தரவுகளிலேயே இல்லை. அதைச் செய்தியும் சொன்னது. ஆனா நம்ம ஆட்கள்ல பலபேர் 'மைதானம் கட்டும்போது 6,500 பேர் செத்தாங்க'ன்னு போஸ்டர் போட்டாங்க. எதிர்ப்பக்கம் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டு, 'பாருங்க, இவங்க பொய் சொல்றாங்க'ன்னு மொத்தத்தையும் தள்ளிவிட்டது. உண்மையில கேட்க வேண்டிய கேள்வி அப்படியே நின்னுபோச்சு: இருபது முப்பது வயசு ஆளுங்க ஏன் செத்தாங்க, அந்த மரணங்களை ஏன் யாரும் ஒழுங்கா விசாரிக்கலை?

அந்தக் கேள்வியை 2022 மார்ச்சில் 'வைட்டல் சைன்ஸ்' கூட்டமைப்பின் அறிக்கை சரியாப் பிடிச்சது. வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கு 10,000 வரை தெற்கு, தென்கிழக்கு ஆசியத் தொழிலாளர்கள் இறக்கிறார்கள், அதில் பாதிக்கும் மேல் காரணம் விளக்கப்படாதவை என்றது அது. சான்றிதழ்ல 'இயற்கை மரணம்'னு இருக்கும், 'இதயம் நின்றது'ன்னு இருக்கும். எல்லா மரணத்திலும் இதயம் நிற்கத்தானே செய்யும்? ஏன் நின்றதுன்னு எழுதலைன்னா, இழப்பீடு கேட்க வழியில்லை. மரணச் சான்றிதழில் ஒரு வார்த்தை, ஊர்ல ஒரு குடும்பத்தோட பத்து வருஷ வாழ்க்கை.

நமக்குப் பாடம் என்ன? ஒவ்வொரு எண்ணுக்குக் கீழயும் ஒரு வரி எழுதுங்க: எப்படி எண்ணினோம், யாரைச் சேர்த்தோம், யாரைச் சேர்க்கலை. பெரிய எண்ணைவிட அடி தாங்குற எண் நல்லது. நம்ம எண் 26தானா? 26ன்னே எழுதுங்க. அந்த 26க்கும் காகிதம் இருக்குன்னா நாளைக்கு ஒரு பத்திரிகையாளரும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரும் அதைத் தைரியமா எடுத்துப் பேசலாம்.

நான் எடுத்த ஒரு படம்

இதைச் சொல்லணுமான்னு யோசிச்சேன். சொல்றேன்.

2013 வாக்குல, சம்பளம் வராம இருந்த ஒரு கேம்ப்புக்கு வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழ்க் குழு என் மூலமா அரிசி, பருப்பு வாங்கிக் கொடுத்தது. அங்கத்தச் சட்டம் அப்போ எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. அது முதல் தப்பு. 'அண்ணே, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, ரிப்போர்ட்டுக்கு வேணும்'னாங்க. பதினோரு பேரை வராந்தாவில் நிற்க வச்சு எடுத்தேன். எல்லாரும் சம்மதிச்சாங்க. நான்தானே அரிசி கொண்டு போயிருக்கேன், எப்படி மாட்டேன்னு சொல்லுவாங்க?

பின்னாடி நின்ன பஸ்ஸில் கம்பெனி பேர் இருந்ததை நான் கவனிக்கலை. அறிக்கை வந்தது. படம் நல்லா இருக்குன்னு பாராட்டு. அந்த வருஷம் அந்தக் குழுவுக்கு நிதியும் கூடுச்சு. மூணு வாரத்துல படம் சுத்தி சுத்தி கம்பெனி ஆபீசுக்கே போச்சு. பதினோரு பேரையும் கூப்பிட்டு விசாரிச்சாங்க. ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருத்தர்தான் வெளியாட்களுக்குச் சொன்னதுன்னு முடிவு பண்ணி, 'பாக்கி எதுவும் இல்லை'ன்னு கையெழுத்து வாங்கி ஊருக்கு ஏத்திவிட்டாங்க. அவருக்கு ஒண்ணரை வருஷச் சலுகைப் பணமும் நாலு மாசச் சம்பளமும் போச்சு.

அந்த அறிக்கையில் அவரைப் பத்தி ஒரு வரி இல்லை. அடுத்த அறிக்கையிலயும் இல்லை. ஏன்னா அவரு நம்ம 'தாக்கம்'. அந்தத் தாக்கத்தை எழுத நமக்கு ஒரு கட்டம் கிடையாது.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கிற விதிகளைச் சொல்றேன், உங்களுக்குப் பிடிச்சா எடுத்துக்கங்க. வளைகுடாவுக்குள்ள இருக்கிற யாரோட முகமும் வேண்டாம். சீருடை, பஸ், கட்டடம், கேம்ப் வாசல் எதுவும் வேண்டாம். கம்பெனி பேரும் வேண்டாம், அங்க அவதூறும் இணையக் குற்றமும் கடுமையான சட்டம், மாட்டிக்கிறது தொழிலாளிதான். ஊர், வயசு, வேலை மூணையும் சேர்த்து எழுதாதீங்க. 'கடலாடி, 34 வயது, கிரேன் ஆபரேட்டர்'னா பேரே தேவையில்லை, எல்லாருக்கும் தெரிஞ்சிடும். சம்மதத்தை ரெண்டு தடவை கேளுங்க, அங்க இருக்கும்போது ஒரு தடவை, ஊர் வந்து இறங்கி ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை. ரெண்டாவதுதான் உண்மையான சம்மதம். வேண்டாம்னு சொன்னா உதவி நிக்காதுன்னு முதல்லயே சொல்லுங்க.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள் விஷயத்துல இது இன்னும் கவனம். மட்டக்களப்பு, மூதூர், மலையகத்துல இருந்து போன எத்தனையோ அக்காமாருக்குக் கையில இருக்கிற போன் ஒண்ணுதான் வெளியுலகம். உங்க அறிக்கையில வந்த ஒரு குரல் பதிவால அந்தப் போன் பறிபோனா, அவங்க கதை அதோட முடிஞ்சுது.

படம் இல்லாம எப்படி நிதி கேட்கிறதுன்னு கேட்பீங்க. காகிதத்தைக் காட்டுங்க. பேர் மறைச்ச ஒரு சம்பளச் சீட்டு. ஒரு மரணச் சான்றிதழில் அந்த ஒரு வரி. ஓவர்டைம் எழுதின ஒரு சின்ன நோட்டின் ஒரு பக்கம், எழுத்து அடையாளம் தெரியாதபடி தட்டச்சுல. அழுகிற முகத்தைப் பார்த்தா இரக்கம் வரும். சம்பளச் சீட்டைப் பார்த்தா கோபம் வரும். நமக்கு வேண்டியது ரெண்டாவது.

யார் முன்னால வாசிக்கிறது

எங்க பக்கத்துல ஆடி மாசம் மொய் விருந்து பிரசித்தம். சாப்பிட்டுப் போய் மொய் எழுதுவோம். பேரு, ஊரு, தொகை நோட்டுல ஏறும். அந்த நோட்டு வீட்டுப் பத்திரம் மாதிரி. கொடுத்தவருக்கு வாங்கினவரு திரும்பச் செய்யணும், எல்லார் கண்ணுக்கும் முன்னால. அதுல வட்டி மாதிரி ஒரு அழுத்தம் இருக்கு, கடன்ல மூழ்கினவங்களும் உண்டு, அதை நான் புகழ வரலை. ஆனா ஒண்ணு இருக்கு, அங்க கொடுக்கிறவரும் வாங்குறவரும் ஒரே பந்தியில உட்காருவாங்க. நாளைக்கு இடம் மாறும். தர்மம் வேற, இது வேற. நம்ம தோழமை நிதி இந்தப் பக்கம்தான் இருக்கணும்.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்துல பெருமையாச் சொல்லிக் கொடுப்பாங்க. பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவரோட உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்கக் கூடாதுன்னு அதுல விதி. நல்ல விதி. ஆனா அந்தச் சபை நிலம் வச்சிருந்த பிராமணர்களோட சபை. அந்த நிலத்துல உழைச்சவங்க அந்தக் கணக்கைக் கேட்க முடியாது. நம்ம அறிக்கைகளும் இன்னைக்கு அப்படித்தான் இருக்கு. நன்கொடையாளர் சபையில் வாசிக்கிறோம், அறிக்கையில் வர்றவங்களுக்கு அது கண்ணுல படுறதே இல்லை.

இதை உடைச்சவங்க ராஜஸ்தான் கிராமத்துக் கூலித் தொழிலாளிங்க. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊர்ல முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசு வேலைத் தளத்து மஸ்டர் ரோலை ஊர் நடுவுல சத்தமா வாசிச்சாங்க. யார் வேலைக்கு வந்தாங்க, யாருக்கு எவ்வளவு கொடுத்ததுன்னு எழுதியிருக்கு, கையில கிடைச்சது எவ்வளவுன்னு மக்களே அங்கேயே பேசினாங்க. 'நம் பணம், நம் கணக்கு' என்ற அந்த முழக்கம்தான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரைக்கும் நடந்து வந்தது. ஒரு டைம்கீப்பரா எனக்கு அதைப் படிச்சப்போ கை நடுங்கிச்சு. நான் எழுதின ஷீட்டை யாராவது கேம்ப் வாசல்ல நின்னு சத்தமா வாசிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?

அதனால ஒரு வழக்கம் வச்சுக்கங்க. அறிக்கை நன்கொடையாளருக்குப் போறதுக்கு முன்னாடி, அதுல வர்ற குடும்பங்களுக்குப் போகணும். பிடிஎஃப் அனுப்பாதீங்க, யாரும் திறக்க மாட்டாங்க. ஐந்து நிமிஷம் தமிழ்ல பேசிக் குரல் பதிவா அனுப்புங்க. 'அக்கா, உங்க விஷயத்தை இப்படி எழுதியிருக்கோம், சரியா? எதையாவது எடுக்கணுமா?' என்று கேளுங்க. திருத்தச் சொன்னா திருத்துங்க. 'நீங்க இவ்வளவுதான் செஞ்சீங்க, ஏன் கூட எழுதியிருக்கீங்க'ன்னு ஒரு அம்மா கேட்டாங்கன்னா, அவங்கதான் உங்க தணிக்கையாளர்.

தோற்றதையும் எழுதணும்

கனடாவில் 'எல்லைகளற்ற பொறியாளர்கள்' அமைப்பு 2008லிருந்து தோல்வி அறிக்கைன்னே தனியா ஒண்ணு வெளியிட்டது. எங்க தப்புப் பண்ணோம், ஏன், அடுத்து என்ன மாத்துறோம். அதைப் பார்த்து யாரும் அவங்களைக் கைவிடலை.

நம்ம சமூகத்துக்கு இது கூடுதலாத் தேவை. 2009க்குப் பிறகு புலம்பெயர்ந்த வீடுகள்ல ஒரு கேள்வி சோத்துத் தட்டுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு: 'நாங்க குடுத்த காசெல்லாம் எங்க போச்சு?' ரெண்டு ஷிஃப்ட் வேலை செஞ்சு கொடுத்த மனுஷங்க. அவங்களுக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொன்னதில்லை. இன்னைக்கு நீங்க போய்க் கதவைத் தட்டும்போது உங்க அப்பா அம்மா வயசுக்காரங்க முகம் சுளிச்சா, அது கஞ்சத்தனம் இல்லை. அது பதில் வராத கேள்வி. அவங்ககிட்ட 'இதுல ஜெயிச்சோம், இதுல தோத்தோம், இதுக்கு இவ்வளவு ஆச்சு'ன்னு ஒரு பக்கத்தை நீட்டுங்க. நம்பிக்கை ஒரே நாள்ல வராது. ஆனா மூணாவது அறிக்கையில வரும்.

நிர்வாகச் செலவையும் மறைக்காதீங்க. போன் எடுக்கிற தோழருக்கு ரீசார்ஜ் வேணும், சாப்பாடு வேணும். இலவச உழைப்பில் நடக்கிற இயக்கம்னு பெருமைப்படுறது, அடுத்தவர் சுரண்டலை எதிர்த்துக்கிட்டே நம்மைச் சுரண்டிக்கிறது. 'போன் செலவு இவ்வளவு, ஏன்னா போன்தான் எங்க வேலை'ன்னு எழுதுங்க.

கடைசியா ஒண்ணு. 2024 ஜூன் 12 விடிகாலையில் குவைத் மங்காஃபில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் ஜூன் 14 அன்று கொச்சியில் இறங்கியது. 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த வாரம் எல்லாரும் பணம் கொடுத்தாங்க, அரசும் கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான். ஆனா அதுக்கு முந்தின வருஷம், ஒரு அறையில எத்தனை பேர் படுக்கிறாங்க, மாடிப்படிக் கதவு திறக்குதா, ஜன்னல் இருக்கான்னு யாராவது ஒரு இருபது கேம்ப்ல எண்ணி எழுதி வச்சிருந்தா? அந்த அறிக்கைக்கு யாரும் நன்கொடை கொடுத்திருக்க மாட்டாங்க. ஆனா உண்மையில தாக்கம்னா அதுதான்.

ஒரு பணக்காரர் 2,500 பவுண்டு கொடுத்தா அவருக்கு ஒரு படம் வேணும். 500 பேர் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்தா அவங்களுக்கு ஒரு கூட்டம் வேணும், கணக்கு வேணும், அடுத்து என்ன செய்யலாம்னு பேசணும். நமக்கு அந்த 500 பேர் வேணும்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வாங்க. எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேருக்குக் கிடைச்சது, எத்தனை பேருக்குக் கிடைக்கலை, எவ்வளவு செலவு, எங்க தப்புப் பண்ணோம். அதை முதல்ல அந்தக் குடும்பங்கள்ல ஒருத்தருக்குப் போன் போட்டு வாசிச்சுக் காட்டிட்டு வாங்க.

அந்த ராமநாதபுரத்துக்காரருக்கு நான் போன வருஷம் போன் போட்டேன். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. என்ன சொல்றதுன்னு தெரியாம அந்தப் படத்தைப் பத்திச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டாரு: 'அந்த அரிசிக்கு எவ்வளவு ஆச்சு தம்பி?' நான் சொன்னேன். 'சரி, எழுதி வையுங்க'ன்னாரு.

எழுதி வச்சிருக்கேன். கேள்வி இருந்தா கேளுங்க.